பட்டவராயனுக்கு ஒரு ஜோடிச் செருப்பு

திருநெல்வேலி மாவட்டப் பாபநாசத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் காரையாற்றுக்கு ஏறும் பாதையில், தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது சொரிமுத்து அய்யனார் கோயில். புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் சாவடியில் பிளாஸ்டிக்கைச் சோதிப்பார்கள். பூசைச் சாமான்களைத் துணிப்பையிலும் எவர்சில்வர் தூக்கிலும் கொண்டுபோவது நல்லது. ஆடி அமாவாசை தவிர்த்த நாட்களில் மாலைக்குள் மலை இறங்கிவிட வேண்டும். குலதெய்வம் எதுவென்று தெரியாமல் போன குடும்பங்கள் இந்த அய்யனாரையே தங்கள் சாஸ்தாவாகக் கும்பிடுவது தென்மாவட்ட வழக்கம்.

அய்யனாரைக் கும்பிட்ட கையோடு கிளம்பிவிடாதீர்கள். அதே கோயிலில் காவல் தெய்வமாக இருக்கும் பட்டவராயன் சந்நிதிக்கு வாருங்கள். இங்கே காணிக்கை செருப்பு. காலணியை வெளியே கழற்றிவிட்டு வந்த நாம், உள்ளே காலணியைப் படையலாகப் பார்க்கிறோம். பட்டவராயன் இரவில் அதைப் போட்டுக்கொண்டு காவல் சுற்றுகிறார், அதனால்தான் தேய்கிறது என்பது நம்பிக்கை. செலுத்துவதானால் தோலில் தைத்த புதுச் செருப்பாக இருக்கட்டும். ரெக்சின் வேண்டாம். இங்கே தோலுக்கும் தையலுக்கும் பொருள் இருக்கிறது.

வில்லுப்பாட்டில் பாடுகிற கதை அதைச் சொல்லும். பின்னால் பட்டவராயன் ஆன அந்தணன் முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குடியில் பிறந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையை விரும்பினான். பெண் வேண்டுமானால் எங்கள் தொழிலுக்கு வா என்றார் தகப்பனார் வாலப்பகடை. பட்டன் பூணூலை அறுத்தான், குடுமியைக் களைந்தான், தோல் தைக்கப் பழகினான். மாமனாரின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு பொருது மாண்டான். மனைவியர் தீப்பாய்ந்தார்கள்.

பிறந்த குலத்தில் எதை விட வேண்டுமோ அதைத் துணிந்து விட்டவன் என்பதால்தான் அவன் சாமியானான். ஆனால் சில கதை வடிவங்கள் அந்தப் பெண்களே பிறப்பால் அந்தணர், பகடை எடுத்து வளர்த்தார் என்று மாற்றிச் சொல்கின்றன. அந்த மாற்றத்தை ஏற்றால் சந்நிதியில் கிடக்கும் செருப்புக்கு அர்த்தமே போய்விடும். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது பகடை மகள்கள் என்றே சொல்லுங்கள். பொம்மக்காவுக்கும் திம்மக்காவுக்கும் பூ வைக்கலாம், மனமுருகிக் கும்பிடலாம். தீப்பாய்ந்ததைப் பெண்ணுக்குரிய தர்மமாக மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

பாபநாசத்தில் இறங்கிக் குளிப்பவர்கள் விட்டுவிட வேண்டிய வழக்கம் இன்னொன்று உண்டு. பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விடுவது. பாலியெஸ்டர் கலந்த வேட்டியும் சேலையும் மட்காது. பாறை இடுக்கிலும் படித்துறையிலும் சுற்றிக்கொண்டு, அடுத்துக் குளிப்பவரின் காலை மாட்டும். இந்த ஆற்றைத்தான் கீழே தூத்துக்குடி வரை குடிக்கிறார்கள். ஈரத்துணியைப் பிழிந்து, கொண்டுவந்த பையிலேயே போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். மேலே காரையாறு அணை இருப்பதால் தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும். பாசிப் பாறையில் நிற்காமல், முழங்கால் ஆழத்திலேயே முழுக்குப் போடுங்கள்.