அம்மாவின் முதுகுவலி

எட்டு மாதம் 'வயசாகுது, அதான்' என்று விட்டுவிட்டோம். தைலம், பெல்ட், வலி மாத்திரை. காட்டிய இடத்தில் எல்லாம் தேய்மானம் என்றார்கள். ராத்திரி படுத்தால் வலி கூடியது, சாயங்காலம் லேசாக உடம்பு சுட்டது, ஜாக்கெட் தொளதொளவென்று ஆனது. மூன்றையும் சேர்த்து யாரும் பார்க்கவில்லை, நானும்தான். இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

எம்ஆர்ஐயில் அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளும் நடுவிலுள்ள வட்டும் (டிஸ்க்) அரித்துப்போயிருந்தன, பக்கத்தில் சீழ். புற்றுநோயும் சிலசமயம் இப்படித் தெரியும், படத்தை மட்டும் நம்பக் கூடாது என்று டாக்டர் சிடி ஸ்கேன் உதவியோடு ஊசியால் திசு எடுத்தார். ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையில் காசநோய்க் கிருமி உறுதியானது. காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யும் என்பதும் அதிலேயே தெரிந்தது.

அம்மாவுக்கு ஒருநாள்கூட இருமல் வந்ததில்லை, நுரையீரல் சுத்தம். அதனால் அடுத்தவருக்குத் தொற்றாது. ஆனாலும் தன் தட்டைத் தனியாக எடுத்து வைத்தார். அன்று ராத்திரி அந்தத் தட்டில்தான் நான் சாப்பிட்டேன்.

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் மூன்று. குறைந்தது 12 மாதம், தேவைப்பட்டால் இன்னும் நீளும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 1000 ரூபாயும் உண்டு. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்படாதீர்கள், அது ரிஃபாம்பிசின். கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள். கால் மரத்தாலும் அப்படித்தான்.

இது ஐந்தாம் மாதம். இன்று காலை அம்மா யாரையும் பிடிக்காமல் எழுந்து வாசல்வரை நடந்தார்.