எங்கள் வீட்டு பைக்

"வீட்டில் பைக் வளர்க்கிறேன்" என்று சொன்னால் யாருக்கும் மீன் ஞாபகம் வருவதில்லை. "சர்வீஸ் விட்டாச்சா?" என்றார் மைத்துனர். இல்லை மச்சான், இது தண்ணீரில் ஓடுகிற பைக்.

வாத்து அலகு போல நீண்ட வாய், அதற்குள் பின்பக்கம் சாய்ந்த பற்கள், முதுகுத் துடுப்போ போய் வாலுக்குப் பக்கத்தில் நிற்கும். செடிக்குள் ஒளிந்து நின்று பாய்ந்து பிடிப்பதற்கென்றே செய்த உடம்பு. சொந்தமாகக் குளம் வைத்திருக்கும் நண்பர் விரல் நீளக் குஞ்சுகள் இரண்டைக் கொடுத்து, "ரெண்டும் ஒரே அளவுல இருக்கணும், பார்த்துக்கோ" என்றார். அழகுக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியவன், சின்னவன் என்று மகன் பெயர் வைத்தான். பெரியவன் மண்புழுவைக் கண்டதும் பறிப்பான். சின்னவன் யோசிப்பான். யோசித்து முடிப்பதற்குள் புழு பெரியவன் வயிற்றில் இருக்கும். பத்தே நாளில் பெயருக்கேற்ற வித்தியாசம் வந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் தொட்டியில் ஒரு பைக்தான் இருந்தது. அதன் வாயிலிருந்து இன்னொரு வால் நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, சின்னவன் எங்கே?"

"அண்ணன்கிட்டதான்டா இருக்கான்."

தலையிலிருந்து விழுங்குவது இவர்கள் வழக்கம். உள்ளே போன பாகம் செரித்து இடம் கொடுத்தால்தான் மிச்சம் போகும். மாலை வரை அந்த வால் வெளியே தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் யாரும் பேசவில்லை.

அப்புறம்தான் தீனிப் பிரச்சினை ஆரம்பித்தது. அசையாததை எங்கள் பைக் உணவாகவே மதிக்கவில்லை. "தங்கமீன் வாங்கிப் போடேன்" என்று ஆளாளுக்கு யோசனை. தினமும் அதையே போட்டால் அதிலுள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும், கடைசியில் பைக்குக்குத்தான் கேடு. எனவே மெல்லிய மீன் துண்டை நூலில் கட்டி, உயிருள்ளது போல ஆட்டிக்காட்ட வேண்டியதாயிற்று.

குளிர்நீர் மீன் என்பதால் தொட்டி இருப்பது வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, செத்த மீனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தேன். அவன் அசையவில்லை. பக்கத் துடுப்புகள் மட்டும் விசிறி போல மெல்ல ஆடும். கண் திரும்பி நூலைப் பார்க்கும், பிறகு மேலே என்னைப் பார்க்கும். நாற்பது நிமிடம் ஆட்டியும் கிடைத்தது கைவலிதான். துண்டு ஊறி உதிர, தண்ணீர் கலங்க, பாதித் தண்ணீரை மாற்றும் வேலையும் சேர்ந்துகொண்டது.

"நகருங்க" என்றாள் மனைவி. அன்றுவரை அந்த அறைப் பக்கமே வராதவள். நூலை வாங்கி, ஆட்டாமல் சும்மா விட்டாள். துண்டு மெல்ல இறங்கியது. கடைசியில் ஒரே ஒரு சுண்டு. அவன் உடம்பு எஸ் போல வளைந்ததுதான் தெரியும், அடுத்த கணம் என் ஸ்வெட்டர் நனைந்திருந்தது, நூல் காலி.

"நீங்க ரொம்ப ஆட்டுறீங்க. பயந்து ஓடுற மீன் அப்படியா டான்ஸ் ஆடும்?"

அன்றிலிருந்து தீனி இலாகா அவளுடையது. மூடி இலாகா எனக்கு. துள்ளி வெளியே விழுந்துவிடுவான் என்பதால் மூடியின் மேல் இரண்டு தடித்த அகராதிகள் வைத்திருக்கிறேன். வாங்கியதற்கு இப்போதுதான் பயன்.

இவர்கள் ஒரு மீட்டருக்கு மேலும் வளர்வார்கள் என்பதை நான் சொல்லாமலே கண்டுபிடித்து, கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டாள். "முப்பது சென்டிமீட்டர். இதைத் தொட்டதும் நண்பர் குளத்துக்குத் திரும்பிப் போகணும்." சரி என்றேன். அளப்பதும் சுலபம், மணிக்கணக்கில் ஆடாமல் நிற்கிறவன்தானே.

போன வாரம் மூக்கு கோட்டுக்கு ஒரு விரல் அகலத்தில் இருந்தது. நேற்று பார்த்தால் ஒரு சாண் தூரம். பைக் சுருங்குமா என்ன? பழைய கோடு இருந்த இடத்தில் துடைத்த கறை. புதுக் கோட்டுக்குப் பக்கத்திலும் 30 என்றே எழுதியிருந்தது. அந்த 3-இன் சுழியை நான் காலண்டரில் தினமும் பார்க்கிறேன்.