நீல அட்டைப் புத்தகமும் என் மூன்று மாதமும்

சமூகச் செய்தித் தளங்கள் நூலகப் பணிக்கு உதவுமா என்று மூன்று மாதம் பார்த்து அறிக்கை தரும் வேலை என் தலையில் விழுந்தது. பயனர்களே இணைப்புகளைப் பதிந்து, அவர்களே ஓட்டுப் போட்டு, எது மேலே வரவேண்டும் என்று தீர்மானிக்கும் தளங்கள் இவை. 2004-இல் வந்த டிக், 2005-இல் வந்த ரெடிட் போன்றவை. புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பகுப்பெண்களோடு காலம் தள்ளிய எனக்கு அரைமனதுதான்.

முன்னணிச் செய்திகளைத் தொகுத்து வாசகர்களுக்கு அனுப்பலாம் என்று தொடங்கினேன். மூன்றாம் நாளே ஒரு மருத்துவச் செய்தி. ஓட்டுகள் ஆயிரக்கணக்கில், தலைப்பைப் பார்த்தால் நோய்க்கு மருந்தே கிடைத்துவிட்டது. மூல ஆய்வுக் கட்டுரையைத் திறந்தேன்: எலிகளில் நடந்த சோதனை. அனுப்பியிருந்தால் மானம் போயிருக்கும். ஒவ்வொரு செய்தியையும் இப்படித் தோண்டிப் பார்ப்பதற்கு நேராக ஆய்விதழ்களையே படித்துவிடலாம். தொகுப்பை அன்றோடு நிறுத்தினேன்.

எங்கள் நிகழ்ச்சி அறிவிப்பு ஒன்றை ஒரு தளத்தில் பதிந்தேன். ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள், சுயவிளம்பரமாம். கோபத்தோடு விதிகளைத் தேடிப் படித்தால், தெளிவாகவே எழுதியிருந்தது. சுவரெங்கும் விதிமுறைப் பலகை மாட்டும் தொழிலில் இருப்பவள் நான்!

என் எண்ணத்தை மாற்றியது ஒரு வாசகியின் கேள்வி. சிறு வயதில் படித்த புத்தகம். தலைப்பும் ஆசிரியர் பெயரும் நினைவில்லை. நீல அட்டை, கலங்கரை விளக்கத்தில் ஒரு சிறுமி, குரைக்காத நாய். இவ்வளவுதான். எங்கள் நூற்பட்டியலில் அட்டை நிறத்தைப் போட்டுத் தேட வழியில்லை, நாயைப் போட்டும் தேட முடியாது. 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இலேயே விதி வகுத்துவிட்டார். நானோ அந்த வாசகியின் மூன்று மாலைகளை வீணாக்கியிருந்தேன்.

இப்படி மறந்துபோன புத்தகங்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே ரெடிட்டில் 'வாட்ஸ் தட் புக்' என்றொரு குழு உண்டு. வாசகியின் சம்மதம் பெற்று, அவரைப் பற்றிய விவரம் எதுவும் இல்லாமல் கேள்வியைப் போட்டேன். மறுநாள் காலை மூன்று பதில்கள். இரண்டு தவறு. மூன்றாமவர் தலைப்பைச் சொல்லி, தன் பிரதியில் அட்டை பச்சை என்றும் எழுதியிருந்தார். அங்கேதான் சந்தேகம் வந்தது. பல நாட்டு நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டில் தேடினால் இரண்டு பதிப்புகள். இரண்டாவதை வைத்திருந்த நூலகத்துக்கு எழுதி அட்டையின் நிறத்தைக் கேட்டேன். நீலம்தான்!

வரலாற்றுக் கேள்விகளுக்கு 'ஆஸ்க் ஹிஸ்டோரியன்ஸ்' குழுவையும் பார்த்தேன். மேலோட்டமான பதில்களை அங்கே நீக்கிவிடுகிறார்கள். பதில்களில் வரும் நூல்களின் பெயர்கள் புத்தகத் தேர்வுக்குக் கைகொடுத்தன.

செய்தித் தொகுப்புக்கு வேண்டாம், புத்தகத் தேடலுக்கு வேண்டும் என்று அறிக்கையில் எழுதினேன். நூலகங்களுக்கிடையேயான இரவலில் புத்தகம் வந்து சேர்ந்தது. வாசகி அதைக் கையில் வாங்கி, புரட்டி, "இவ்வளவு சின்னப் புத்தகமா?" என்றார்.