சப்ஜாவா, சியாவா, இசப்கோலா? நாலு மாசமா என் வயித்துல நடந்த சோதனை

நைட் ஷிஃப்ட்டுக்கு மாறி மூணாவது மாசமே வயிறு மக்கர் பண்ண ஆரம்பிச்சிடுச்சு. காலைல ஏழு மணிக்கு வந்து படுக்குறவனுக்கு எது காலைக்கடன், எது மாலைக்கடன்? மூணு நாளைக்கு ஒரு தடவைன்னு ஆகி, அதுவும் ஒரு மேட்ச் ஹைலைட்ஸ முழுசா பாத்து முடிக்கிற வரைக்கும் உள்ளயே உக்காந்திருக்கணும். ஆபீஸ்ல வாய விட்டது தப்பா போச்சு, ஆளாளுக்கு ஒரு விதை சொன்னாங்க. ஒருத்தன் சியாங்கறான், ஒருத்தங்க ஃப்ளாக்ஸ்ங்கறாங்க, அம்மா ஃபோன்ல "வெந்தயத்த ஊறப்போட்டு முழுங்குடா, நாளைக்கே சரியாயிடும்"ங்கறாங்க. எல்லாத்தையும் ஒண்ணா சேத்து போட்டா எது வேலை செஞ்சதுன்னே தெரியாதேன்னு, ஒண்ணொண்ணுக்கும் மூணு வாரம்னு கணக்கு வச்சேன்.

முதல்ல சப்ஜா, ஏன்னா வெயில் காலத்துல ரோஸ் மில்க்குக்கு வாங்குனது வீட்ல மிச்சம் இருந்துச்சு. நாட்டு மருந்துக் கடைல சியா கேட்டப்போ அண்ணன் சப்ஜாவ எடுத்து நீட்டி "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி"ன்னார். ஒண்ணு இல்ல. சப்ஜா நம்ம திருநீற்றுப் பச்சிலையோட விதை, கன்னங்கரேல்னு ஒரே கலர்ல இருக்கும், தண்ணில போட்டா பத்து நிமிஷத்துல மேல கண்ணாடி மாதிரி சவ்வு கட்டிடும். சியா மெக்சிகோ பக்கத்து செடி, சாம்பல், பழுப்பு, வெள்ளைன்னு புள்ளி புள்ளியா இருக்கும், ஊறவும் கொஞ்சம் நேரம் எடுக்கும். ரெண்டும் துளசி குடும்பம்ங்கறது மட்டும் உண்மை. (யாழ்ப்பாணத்து ஃப்ரெண்டு ஒருத்தன் சப்ஜாவத்தான் கசகசாம்பான். நம்மூர்ல கசகசான்னா குருமாவுக்கு அரைக்கிறது, அது வேற செடி. ரெசிபி பாத்து மாத்தி வாங்கிடாதீங்க.)

சப்ஜா குடிச்ச மூணு வாரமும் வயிறு லேசா இருந்துச்சு, ஆனா ஒரு ஸ்பூன்ல பெருசா மாற்றம் ஒண்ணும் தெரியல. அதோட சேந்து ஒரு பெரிய டம்ளர் தண்ணி உள்ள போச்சு பாருங்க, அதுதான் நிஜமான லாபம்னு எனக்கு தோணுது. சியா பரவால்ல, ஒரு டேபிள்ஸ்பூன்ல நாலு கிராம் நார்ச்சத்து கிட்ட இருக்கு, தன் எடையப் போல பத்து மடங்கு தண்ணிய இழுத்துக்கும். அதனாலயே காய்ஞ்சத அப்படியே வாய்ல போட்டு மேல தண்ணி குடிக்கிற வேலை மட்டும் வேணாம். அமெரிக்காவுல ஒருத்தருக்கு அப்படி உணவுக்குழாய்லயே ஊதிப் போய் அடைச்சிக்கிட்டு, டாக்டருங்க எடுக்க வேண்டியதா போச்சு, 2014ல அங்க ஒரு மருத்துவ மாநாட்டுலயே அந்த கேஸ பேசினாங்க.

ஃப்ளாக்ஸ், அதான் ஆளி விதை, இதுல நான் பண்ண கூத்து தனி. முழுசா வறுத்து டப்பால போட்டு மொறுமொறுன்னு ஒரு வாரம் தின்னேன். போன விதை போன மாதிரியே வெளிய வந்துச்சு. அதோட ஓடு நம்ம வயித்துக்கு லேசுல உடையாது, சரியா மெல்லலன்னா உள்ள இருக்குற ஒமேகா 3 எண்ணெய்யும் நமக்கு கிடைக்காம அப்படியே போயிடும். அப்புறம் மிக்ஸில பொடிச்சேன், அதையும் அடுப்பு பக்கத்துல வச்சதுல கொஞ்ச நாள்லயே ஒரு மாதிரி பெயிண்ட் வாடை. அதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல, பெயிண்ட், வார்னிஷ்ல கலக்குற லின்சீட் ஆயில் இதே விதையோட எண்ணெய்தான், காத்து பட்டா சீக்கிரம் காறிடும். கொஞ்சமா பொடிச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க.

வெந்தயம் அம்மாவுக்காக. உண்மையிலேயே நல்ல பொருள், ஊறினா வர்ற அந்த கொழகொழப்பு கேலக்டோமேன்னன்னு ஒரு கரையுற நார். ஆனா குடலுக்குள்ள இருக்குற பாக்டீரியாவுக்கு இது நல்ல தீனி, அதுங்க தின்னுட்டு கேஸ விடுதுங்க, மீட்டிங்ல மியூட் பட்டன் எவ்வளவு பெரிய வரம்னு அந்த மூணு வாரத்துல புரிஞ்சிச்சு. போதாததுக்கு பனியன் எல்லாம் வெந்தய வாடை, சோட்டலான்னு ஒரு சமாச்சாரம் வேர்வை வழியா வருதாம், வீட்டம்மா என் துணிய தனியா ஊற வச்சாங்க. சுகர் மாத்திரை சாப்பிடுறவங்க வெந்தயத்த அள்ளிப் போடாதீங்க, சுகர் ரொம்ப இறங்க வாய்ப்பிருக்கு.

கடைசியா இசப்கோல். குஜராத்ல ஊஞ்சா, சித்பூர் பக்கம்தான் இதுக்கு பெரிய மார்க்கெட். பாரசீகத்துல குதிரைக் காதுன்னு அர்த்தமாம், விதைய பாத்தா அந்த வளைவு இருக்கும். நாம சாப்பிடுறது விதை கூட இல்ல, மேல இருக்குற உமி. தண்ணி பட்டதும் ஜெல்லாயிடும், அது மத்த எல்லாத்துலயும்தான் நடக்குது, ஆனா இந்த ஜெல்ல பெருங்குடல் பாக்டீரியாவால பெருசா கரைக்க முடியாது, கடைசி வரைக்கும் தண்ணிய பிடிச்சு வச்சிக்கிட்டே போகுது, அதனால கட்டியா இருக்குறது இளகி, அளவும் கூடி சுலபமா இறங்குது, கேஸும் கம்மி. இதே காரணத்தால வயிறு லூஸா போறவங்களுக்கும் குடுப்பாங்க, அங்க மிச்ச தண்ணிய உறிஞ்சி கெட்டியாக்கும்.

ஆனா முதல் மூணு நாள் எனக்கு முன்ன இருந்தத விட மோசம். ஏன்னா அரை டம்ளர் தண்ணில கூழ் மாதிரி கலக்கி விழுங்கிட்டு தூங்கிட்டேன், உள்ள போய் அது சிமெண்டு மாதிரி உக்காந்துக்கிச்சு. அப்புறம் ஒரு ஸ்பூனுக்கு முழு டம்ளர், குடிச்சதும் இன்னொரு டம்ளர், படுக்குறதுக்கு ரொம்ப முன்னாடியேன்னு மாத்தின அடுத்த ரெண்டு நாள்ல வழி கிடைச்சிடுச்சு. பேதி மாத்திரை மாதிரி அன்னைக்கே எதிர்பாக்காதீங்க, ஒண்ணுல இருந்து மூணு நாள் ஆகும்.

என்னை பாத்து அப்பாவும் ஆரம்பிச்சார், அதுவும் காலைல தைராய்டு மாத்திரையோட சேத்து. மாத்திரைய இந்த ஜெல் சரியா உறிஞ்ச விடாதுன்னு சொல்லி இசப்கோல மட்டும் ராத்திரி சாப்பாட்டுக்கு மாத்தி விட்டேன், எந்த மாத்திரையா இருந்தாலும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. ரத்தம் வருது, எடை குறையுது, அம்பது வயசுக்கு மேல திடீர்னு பழக்கமே மாறுதுன்னா விதை ஆராய்ச்சி எல்லாம் வேணாம், நேரா டாக்டர்.

பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது சாப்பாட்டுலயே வரணும்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது. கேன்டீன் பரோட்டாவ வச்சிக்கிட்டு ஒரு ஸ்பூன் விதையால அத எட்ட முடியாது, அதனால கொண்டக்கடலை, கீரைன்னு டப்பா கட்டிட்டு போறேன். இப்போ இசப்கோல் வாரத்துல மூணு நாள், சப்ஜா ரோஸ் மில்க்குக்கு மட்டும், ஆளி விதைய வீட்டம்மா இட்லிப் பொடில சேத்துட்டாங்க. அம்மாகிட்ட மட்டும் வெந்தயம்தான் கேட்டுச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்.