பதினோராம் மணி வேளைக் கூலி

புள்ளிகளால் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். யாழ்ப்பாணத்தில் 1970களின் தொடக்கத்தில் உயர்தர வகுப்பில் படித்த எவரையும் கேட்டுப் பாருங்கள், தம் பெறுபேற்றைப் பாடம் பாடமாக இன்றும் ஒப்புவிப்பார்கள். ஊரில் எங்களை அறிமுகப்படுத்துவதே அதை வைத்துத்தான். அந்த நேரத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. தமிழ் மொழிமூலம் எழுதியவனுக்கு ஒரு வெட்டுப்புள்ளி, சிங்கள மொழிமூலம் எழுதியவனுக்கு இன்னொரு வெட்டுப்புள்ளி. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்துகொண்டது. பொறியியல் பீடத்துக்குப் போயிருக்க வேண்டிய அண்ணன்மார் வாசிகசாலைத் திண்ணையில் பகல் முழுவதும் குந்தியிருந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள்.

அந்த நாட்களில்தான் வட்டுக்கோட்டையில், நமது கல்லூரியில், எங்கள் வேதபாட ஆசிரியர் மத்தேயு 20ஆம் அதிகாரத்தைக் கையில் எடுத்தார். வெவ்வேறு நேரத்தில் வேலைக்கு வந்த கூலியாட்களுக்கு ஒரு திராட்சத்தோட்டத்து எசமான் ஒரே கூலி கொடுத்ததாக இயேசு சொன்ன உவமை அது. வழக்கமாகச் சைவப் பிள்ளைகளுக்குச் சமய பாடம் வேறு வகுப்பில் நடக்கும். அன்று அவர்களுடைய ஆசிரியர் வரவில்லை. எல்லோரும் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம்.

கரும்பலகையில் அவர் ஓர் அட்டவணை கீறினார். இடப்பக்கத்தில் நேரம்: காலை 6, 9, நண்பகல் 12, பிற்பகல் 3, மாலை 5. வேதத்தில் மூன்றாம் மணி, ஆறாம் மணி என்று வருவதெல்லாம் விடியலிலிருந்து எண்ணியவை, பதினோராம் மணி என்றால் பொழுதுபட ஒரு மணி நேரமே இருக்கிறது என்று விளக்கினார். வலப்பக்கத்தில் கூலி. திராட்சத்தோட்டத்து எசமான் கொடுத்ததை மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போனார்: ஒரு பணம், ஒரு பணம், ஒரு பணம். ஐந்து தடவையும் அதே. பிறகு சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

பின்வாங்கில் இருந்து ஒருவன் எழுந்தான். "சேர், இது தரப்படுத்தல்தானே?"

அவனுடைய தமையனும் அந்தத் திண்ணையில் குந்தியிருந்தவர்களில் ஒருவர். கேள்வியில் குறும்பு இல்லை, கோபம் இருந்தது. ஆசிரியருக்கும் அது விளங்கியது.

"தம்பி, தரப்படுத்தலில் உன் அண்ணனுடைய இடம் பறிபோனது. இங்கே யாருடைய பணம் பறிபோனது, காட்டு பார்ப்போம்" என்றார். விடியற்காலையில் வந்தவன் கையில் பேசிய கூலி பேசியபடியே இருக்கிறது. "சிநேகிதனே, நான் உனக்கு அநியாயஞ்செய்யவில்லை" என்று எசமான் சொல்வதை வாசித்துக் காட்டினார். "ஒருவன் கையிலிருந்து பிடுங்கி இன்னொருவனுக்குக் கொடுப்பதற்கு நீ கோபப்பட வேண்டும். நானும் கோபப்படுகிறேன். ஆனால் இந்த எசமான் தன் மடியை அவிழ்த்துக் கொடுக்கிறான்."

பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் மறக்கவேயில்லை. மாலை ஐந்து மணி வரை சந்தியில் நின்றவர்கள் சோம்பேறிகளா? அவர்கள் சொன்ன பதில் வேதத்திலேயே இருக்கிறது: "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை." புகையிலைத் தோட்டங்களும் வெங்காயத் தறைகளும் சூழ்ந்த ஊர் எங்களுடையது. கூலிக்கு ஆள் பிடிக்கும்போது யாரை முதலில் கூப்பிடுவார்கள், யார் கடைசிவரை நிற்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. வயது போனவன், நோயாளி, சாதி சொல்லி ஒதுக்கப்பட்டவன். ஒரு பணம் என்பது ஒரு வீட்டின் ஒருநாள் சோறு என்றார் ஆசிரியர். ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்தால் கணக்குச் சரி. அவன் பிள்ளைகளின் வயிறு பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்குமா?

அந்த எசமானைப்போலக் கடவுள் தகுதி பாராமல் தரும் கிருபையைப் பற்றி, அதனால் மனிதன் மீட்கப்படும் இரட்சிப்பைப் பற்றி அதற்குப் பிறகு நான் கேட்ட பிரசங்கங்கள் ஏராளம். அந்தக் கரும்பலகையைத் தாண்டி என்னை உலுக்கியது எதுவுமில்லை. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்ற எபேசியர் நிருப வசனத்தை ஞாயிறு பாடசாலையில் மனப்பாடம் செய்து பரிசும் வாங்கியிருந்தேன். அதன் பொருள் என் உள்ளே இறங்கியது அன்றுதான். சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய கள்ளனும் பதினோராம் மணி ஆள். அவனால் இனி ஒரு நன்மையும் செய்ய முடியாது, திருடியதைத் திருப்பிக் கொடுக்கக்கூடக் கை இல்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு அவனுக்குக் கிடைக்கிறது. எங்களுக்கு இலவசமாக வருகிற அந்த ஈவுக்கு விலை கொடுத்தவர் நடுச்சிலுவையில் இருந்தவர் என்பதையும் ஆசிரியர் சொல்லாமல் விடவில்லை.

என் பக்கத்தில் இருந்த சைவ நண்பன் அப்போது மெல்ல, "அவனருளாலே அவன்தாள் வணங்கி" என்றான். சிவபுராணம் தினமும் ஓதுகிற வீட்டுப் பிள்ளை அவன். ஆசிரியர் முகம் மலர்ந்துவிட்டது. வைணவத்தில் இதைப் பற்றி நடந்த பெரிய வழக்கையும் எடுத்துச் சொன்னார். குட்டிக் குரங்கு தாயை இறுகப் பற்றிக்கொள்வதுபோல ஆன்மாவும் பற்ற வேண்டும் என்பார் வடகலையார். பூனை தன் குட்டியைக் கவ்வித் தூக்குவதுபோல இறைவனே தூக்குவான் என்பார் தென்கலையார். தாம் தென்கலையார் பக்கம் என்றார் ஆசிரியர். ஆனாலும் எல்லாம் ஒன்றுதான் என்று அவர் மழுப்பவில்லை. கிறிஸ்தவன் நம்பும் கிருபை, உரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் எருசலேமின் நகர வாசலுக்கு வெளியே ஒரு மனிதரின் மரணத்தில் நடந்து முடிந்த ஒன்று. அதைத் தளர்த்திப் பேசுவது இரு சமயத்துக்கும் மரியாதையல்ல என்பது அவர் எண்ணம்.

இந்த விடயத்தை ஆழமாகப் படிக்க விரும்பினால் எங்கும் அலைய வேண்டாம் என்று சொல்லி, பேராயர் சபாபதி குலேந்திரன் பெயரைக் குறிப்பிட்டார். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு 1947இல் முதற் பேராயரானவர். கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் கிருபை பற்றிய கொள்கைகளை ஒப்பிட்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1964இல் வெளிவந்தது. தேவாரமும் திருவாசகமும் காதில் விழும் மண்ணில் வாழ்ந்த ஒருவர், அவற்றை மதித்துப் படித்து, தம் விசுவாசத்தையும் விட்டுக்கொடுக்காமல் எழுதியது என்பதால் அந்த நூல்மீது எனக்குத் தனிப் பற்று உண்டு. நம் புதிய தலைமுறை அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவி இளவாலைக் கத்தோலிக்கக் குடும்பத்தவர். எங்கள் கல்யாணப் பேச்சின்போது "அவர்கள் கிரியையால் மோட்சம் போகிறவர்கள்" என்று என் பக்கத்துப் பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். மனிதன் மீட்கப்படுவது கிரியையாலா, அதாவது நற்செயலாலா, கிருபையாலா என்று, புரட்டஸ்தாந்து சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் காலத்திலிருந்து வந்த பிணக்கு அது. 1999 அக்டோபர் 31ஆம் திகதி ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில், மனிதன் கிருபையினாலே நீதிமானாக்கப்படுவது குறித்து லூதரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. 2006இல் மெதடிஸ்த உலகப் பேரவையும் அதை ஏற்றுக்கொண்டது. எங்கள் கிருபை வேறு, உங்கள் கிருபை வேறு என்று சொல்ல இனி இடமில்லை. அன்று செய்தி வாசித்துவிட்டு நாங்கள் இருவரும் ஒன்றாக இருந்து ஜெபித்தோம்.

கல்லூரி நாட்களுக்குப் பிறகு யுத்தம் எங்களைச் சிதறடித்தது. ஷெல் விழுந்த இடத்தில் யார் நின்றார், யார் நிற்கவில்லை என்பதை எந்தப் பெறுபேறும் தீர்மானிக்கவில்லை. நாம் தப்பிவந்ததைக் கடவுளின் கிருபை என்று நம் ஒன்றுகூடல்களில் சொல்வதைக் கேட்கிறேன். என்னால் அப்படிச் சொல்ல முடிவதில்லை. அப்படியானால் தப்பாத நம் தோழர்களைக் கிருபை கைவிட்டதா? நன்றி சொல்கிறேன், தினமும் சொல்கிறேன். ஆனால் நான் நம்பும் இரட்சிப்பு வெளிநாடு வந்து சேர்ந்ததோடு முடிகிற ஒன்றல்ல. அது தப்பியவனையும் தப்பாதவனையும் ஒரே கையில் பிடித்திருக்கிறது. அந்தக் கையில் ஆணித் தழும்பு இருக்கிறது.

கிருபையே போதும் என்றால் நற்செயல் எதற்கு என்று இளையோர் கேட்கிறார்கள். எபேசியர் நிருபத்தில் அடுத்த வரிகளையும் வாசிக்கச் சொல்வேன். "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு" என்பதற்குப் பின் உடனேயே, நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று வருகிறது. வாங்கிய பிறகு செய்வது அது, வாங்குவதற்காகச் செய்வதல்ல.

இதனால் நம் பழைய மாணவர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். அதிக புள்ளி எடுக்கும் மாணவருக்கு ஒவ்வோர் ஆண்டும் புலமைப்பரிசில் அனுப்புகிறோம். அது தொடரட்டும், அவர்கள் உழைத்துப் பெற்றது. அதில் ஒரு சதமும் குறைக்காமல், சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடையத் தவறி மறுபடி எழுதும் பிள்ளைகளுக்குப் பரீட்சைக் கட்டணமும் மாலை வகுப்புச் செலவும் கொடுக்கத் தனியாக ஒரு நிதி தொடங்குவோம். தகுதிப் புள்ளி எதுவும் கேட்க வேண்டாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை முன்மொழியப் போகிறேன். முதற் தொகையை நானே தருகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.