எங்கள் வீட்டில் செயற்கை மணத்துக்கு இடமில்லை

என் மகளுக்கு மூச்சிளைப்பு உண்டு. மேற்கு மாம்பலத்தில் எங்களுடையது இரண்டு அறை வீடு. கோடையில் ஏசி போட்டுச் சன்னலை மூடிவிட்டால், தரை துடைத்த திரவத்தின் எலுமிச்சை வாசம் இரவு வரை வெளியேறாது. அந்த வாசத்தைத் தருவது பெரும்பாலும் லிமோனீன் என்ற வேதிப்பொருள். காற்றிலுள்ள ஓசோனுடன் அது வினைபுரியும்போது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு உருவாகிறது. சுத்தத்தின் அடையாளமாக விற்கப்படும் மணமே வீட்டுக் காற்றைக் கெடுக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

லேபிளைப் படித்தாலும் பதில் கிடைப்பதில்லை. ‘பெர்ஃப்யூம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அதற்குள் பல டஜன் வேதிப்பொருட்கள் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வாமை தரும் 26 மணப்பொருட்களை அழகுசாதன லேபிளில் பெயர் சொல்லி அச்சிட வைத்தது. 2023இல் அந்தப் பட்டியலை 80க்கும் மேலாக நீட்டியது. நம் ஊர்க் கடையில் வாங்குகிறவருக்கும் அந்த உரிமை வேண்டும்.

பீரோவில் அந்துருண்டை போடுவதை முதலில் நிறுத்துங்கள். பல உருண்டைகளில் உள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடுள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது. பச்சிளம் குழந்தையின் துணியை அதனோடு வைக்கவே கூடாது.

“வேப்பிலையைக் காய வைத்துப் போடும்மா, போதும்” என்றார் என் மாமியார். அதைத்தான் செய்கிறேன். பட்டுப்புடவைகளை அவ்வப்போது நிழலில் உலர்த்தி மடிக்கிறேன். துணி துவைக்க, மயிலாப்பூர் நாட்டு மருந்துக்கடையில் பூந்திக்கொட்டை வாங்கி ஊற வைத்துக் கொதிக்க விடுகிறேன். கண்ணில் பட்டால் எரியும். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.