படுத்திருந்தால் இரண்டு, இருமினால் ஏழு

புற்றுநோய்க்காக என் வலது நுரையீரலின் மேல் மடலை எடுத்தார்கள். வாட்ஸ் என்கிற கேமரா வழி அறுவை. விலாப் பக்கம் மூன்று சிறு வெட்டுகள். பார்த்தவர்கள் எல்லாம் "இவ்வளவுதானா?" என்றார்கள். உள்ளே மூன்றில் ஒரு மடல் போயிருப்பது வெளியே தெரியாதே.

முதல் நாட்களின் அளவெல்லாம் மற்றவர்கள் கையில்தான். நெஞ்சுக் குழாயில் எவ்வளவு நீர் இறங்கியது, இருமினால் காற்றுக் கசிந்து குமிழி வருகிறதா, ஆக்சிஜன் எத்தனை. வலியை மட்டும் என்னிடம் கேட்டார்கள், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று. அசையாமல் படுத்திருந்த நான் ஒவ்வொரு முறையும் "இரண்டு" என்றேன். அதையே எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் பிசியோதெரபிஸ்ட் வந்தார். "ஒரு தடவை நல்லா இருமுங்க. இப்ப எவ்வளவு?" ஏழு! அந்த ஏழுக்குப் பயந்துதான் இரண்டு நாளாக இருமலை அடக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் சளி தேங்க ஆரம்பித்திருந்தது. அன்றே மாத்திரை நேரத்தை மூச்சுப் பயிற்சிக்கு முன்னால் வருமாறு மாற்றினார்கள். தலையணையை விலாவோடு இறுக்கிப் பிடித்து இருமக் கற்றுக்கொண்டேன். இதே அறுவைக்குப் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: வலியை ஒரே எண்ணாகச் சொல்லாதீர்கள். படுத்திருக்கும்போது எவ்வளவு, இருமும்போது எவ்வளவு என்று இரண்டையும் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் போட்டேன். நடந்த நிமிடம், ஏறிய படி, எந்தப் படியில் மூச்சு வாங்கி நின்றேன், இரவில் எத்தனை முறை விழித்தேன். மூன்றாம் வாரம் படிக்கணக்கு திடீரென்று குறைந்தது. பயந்துபோனேன். பக்கத்தைப் புரட்டினால், அதற்கு முந்தைய மூன்று இரவும் சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

ஐந்தாவது வாரம் 30 கேள்விகள் கொண்ட வினாத்தாளைத் தந்தார்கள். கனமான பையைத் தூக்கச் சிரமமா, நீண்ட தூரம் நடக்கச் சிரமமா, பகலில் படுக்க வேண்டியிருக்கிறதா என்று போகும். கூடவே நுரையீரல் புற்றுநோய்க்கென்று 13 கேள்விகள். ஏன் ஐந்தாவது வாரம் என்று கேட்டேன். கேமரா வழி அறுவையை நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவையோடு ஒப்பிட்டு பிரிட்டனில் 503 பேரிடம் நடந்த வயலட் ஆய்வும் அதே வாரத்தில் இதே வினாத்தாளால்தான் உடல் இயக்கத்தை அளந்ததாம். நெஞ்சைத் திறந்து செய்துகொண்டவர்களுக்கு 67 மதிப்பெண், கேமரா வழி செய்துகொண்டவர்களுக்கு 73. நூற்றுக்கு 73 என்று கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேமரா வழி செய்துகொண்டவர்களும் அப்போது முழுதாகத் தேறியிருக்கவில்லை. நான் மட்டும் பின்தங்கிவிடவில்லை.

ஆனால் என்னை அதிகம் வாட்டிய ஒன்று அந்தத் தாளில் இல்லை. மார்புக்குக் கீழே தோல் மரத்துக் கிடந்தது. சட்டை உரசினால் எரிந்தது. ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். மருத்துவர் அதைத்தான் முதலில் படித்தார். விலா இடுக்கில் கருவி நுழையும்போது அங்கே ஓடும் நரம்பு நசுங்கியிருக்கும் என்று விளக்கி, நரம்பு வலிக்கென்று தனி மருந்து எழுதினார். அன்றிலிருந்து நோட்டில் சட்டைக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். நேற்று அதில் எழுதியது மூன்று.